நான்கு நெட்வொர்க் போர்ட் இருந்தும் எல்லா டிராஃபிக்கும் ஒன்றிலேயே போகிறது, என்ன செய்வது?

கல்லணை:

வணக்கம் நண்பர்களே. ஒரு கல்லூரியில் சர்வர் பொறுப்புக்கு அண்மையில் வந்தேன். உபுண்டுவில் மூடில் (இணையவழிப் பாட மென்பொருள்) ஓடுகிறது, பாட வீடியோக்களும் அதே சர்வரிலிருந்துதான் மாணவர்களுக்குப் போகின்றன. வீடியோ கோப்புகள் எல்லாம் அதே ராக்கில் இருக்கும் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழிக் கோப்புச் சேமிப்பகம்) இருக்கின்றன, என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக மவுண்ட் ஆகியிருக்கிறது, இரவு பேக்கப்பும் அதே நாஸுக்குத்தான். சர்வரில் இன்டெல் ஐ350 சிப் உள்ள நான்கு 1 கிகாபிட் போர்ட்டுகள், பெயர் ஈனோ1 முதல் ஈனோ4 வரை. நான்கும் ஒரே ஸ்விட்சில், ஒரே விலானில் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) செருகப்பட்டிருக்கின்றன. எனக்கு முன்னால் இருந்தவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐபி கொடுத்து வைத்திருக்கிறார்: 10.20.30.11, 12, 13, 14. கேட்வே, அதாவது வேறு நெட்வொர்க்குகளுக்குப் போகும் வாசல், ஈனோ1-இல் மட்டும், 10.20.30.1. டிஎன்எஸ்ஸில் சர்வரின் பெயருக்கு இந்த நான்கு ஐபியும் பதிவாகியிருக்கின்றன, கூட்டம் நான்காகப் பிரியட்டும் என்ற எண்ணத்தில் செய்திருப்பார் போல.

ஆனால் பிரியவில்லை. காலை வகுப்பு நேரத்தில் டிராஃபிக்கை அளக்கும் சார் (sar) கட்டளையை ஓட விட்டுப் பார்த்தால் ஈனோ1 நொடிக்கு 117 எம்பி (மெகாபைட்) வெளியே அனுப்பிக்கொண்டு முட்டி நிற்கிறது, மற்ற மூன்றும் கிட்டத்தட்ட சும்மா. அந்த நேரத்தில் நாஸிலிருந்து ஒரு கோப்பைத் திறக்கவே திணறுகிறது. இன்னொன்று, கேபிள் மாற்றுவதற்காக ஈனோ1-ஐ மட்டும் கழற்றியபோது மற்ற மூன்று ஐபிகளும் மாணவர் பக்கத்திலிருந்து செத்துப்போயின, அவற்றின் கேபிளைத் தொடவே இல்லை.

ஈனோ3-க்கும் அதே கேட்வேயைக் கொடுத்தால் சரியாகுமா, பாண்டிங் (பல போர்ட்டுகளை ஒன்றாகக் கட்டுவது) செய்ய வேண்டுமா, அல்லது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு போர்ட் என்று பிரித்துவிடலாமா? தேர்வுக் காலம் நெருங்குகிறது, அதனால் ஒரே மாலையில் முடிகிற மாதிரி வழி வேண்டும்.

வடக்குவாசல்:

இரண்டாவது கேட்வே வேண்டாம், அது நிலைமையை இன்னும் குழப்பும். முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்.

ஒரு மாணவர் 10.20.30.13-க்குக் கோரிக்கை அனுப்புகிறார், அது ஈனோ3 வழியாகவே உள்ளே வருகிறது என்று வையுங்கள். பதில் அனுப்பும்போது லினக்ஸ் 'எந்த போர்ட்டில் வந்தது' என்று பார்ப்பதே இல்லை. 'யாருக்குப் போக வேண்டும்' என்று மட்டும்தான் பார்க்கும். மாணவர் வேறு சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) இருப்பதால் டிஃபால்ட் கேட்வே வழி, கேட்வே ஈனோ1-இல், ஆக எல்லாப் பதிலும் ஈனோ1-இல். நாஸ் இதே சப்நெட்டில் இருக்கிறது என்றால் அங்கேயும் இதே கதை: 10.20.30.0/24-க்கு ரவுட்டிங் டேபிளில் நான்கு வரி இருக்கும், கெர்னல் அதில் முதலிடத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் 'ஐபி ரூட் கெட்' கட்டளைக்கு ஒரு மாணவர் கணினியின் ஐபியையும், 'ஃப்ரம்' என்று போட்டு 10.20.30.13-ஐயும் கொடுத்துப் பாருங்கள். ஈனோ1 என்றுதான் வரும்.

அடுத்து ஏஆர்பி, அதாவது ஒரு ஐபி எந்தக் கார்டின் மேக் முகவரியில் (வன்பொருள் எண்ணில்) இருக்கிறது என்று கேட்டறியும் முறை. லினக்ஸில் ஐபி முகவரி கார்டுக்குச் சொந்தமில்லை, மொத்த மெஷினுக்குச் சொந்தம். '10.20.30.13 யார்?' என்று ஸ்விட்ச் பக்கமிருந்து கேள்வி வந்தால் நான்கு போர்ட்டுக்கும் அந்தக் கேள்வி கேட்கும், நான்கும் தன் தன் மேக் முகவரியோடு 'நான்தான்' என்று பதில் சொல்லும். கேட்வே எதைப் பிடித்துக்கொள்கிறதோ அது. உங்கள் கேட்வேயின் ஏஆர்பி டேபிளைத் திறந்தால் நான்கு ஐபிக்கும் ஈனோ1-இன் மேக்கே பதிவாகியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, கழற்றியதும் நான்கும் சாவதற்கு அது ஒரு காரணம். கேட்வே வரி ஈனோ1-ஓடு சேர்ந்து போய்விடுவது இன்னொரு காரணம்.

நேரில் பார்க்க வேண்டுமானால் அதே விலானில் இருக்கும் வேறொரு லினக்ஸ் மெஷினிலிருந்து 'ஆர்ப்பிங்' ஓட்டுங்கள். -பி போட மறக்க வேண்டாம், போடாவிட்டால் முதல் பதிலுக்கு அப்புறம் அந்த ஒரு மேக்கிடம் மட்டுமே பேச ஆரம்பித்துவிடும். போட்டு ஓட்டினால் ஒரே ஐபிக்கு நான்கு வெவ்வேறு மேக்கிலிருந்து பதில் வரிசையாக விழுவதைப் பார்ப்பீர்கள்.

ஏஆர்பி_இக்னோர் 1, ஏஆர்பி_அனௌன்ஸ் 2 என்று சிஸ்கண்ட்ரோலில் (கெர்னல் அமைப்புகளில்) வைத்தால் இந்த ஏஆர்பி குழப்பம் அடங்கும். ஆனால் உங்கள் வேகப் பிரச்சினை தீராது, பதில்கள் அப்போதும் ஈனோ1-இல்தான் போகும். ஒரே சப்நெட்டில் நான்கு தனி ஐபி என்ற அமைப்பையே கலைத்துவிடுவதுதான் சரி.

முத்துச்சிப்பி:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். பாண்டிங் செய்யுங்கள், ஆனால் எந்த மோடு என்பதில் கவனம்.

லினக்ஸ் பாண்டிங்கில் 0 முதல் 6 வரை ஏழு மோடு உண்டு. நெட்டில் தேடினால் 'மோடு 0 போடு, வேகம் கூடும்' என்று நிறைய பேர் எழுதியிருப்பார்கள். அது பேக்கெட்டுகளை ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒன்று என்று மாற்றி மாற்றி அனுப்புவது, ஒரே இணைப்பின் பேக்கெட்டுகள் வரிசை மாறிப் போய்ச் சேரும், டிசிபி அதைத் தொலைந்ததாக நினைத்துத் திரும்ப அனுப்பும். நெருக்கடியான சர்வரில் இது வேண்டவே வேண்டாம். மோடு 1 என்றால் ஒன்று வேலை செய்யும், மற்றவை காத்திருக்கும். ஸ்விட்சில் எதையும் தொட வேண்டாம், கேபிள் அறுந்தாலும் ஓடும், ஆனால் வேகம் 1 கிகாபிட்தான். உங்களுக்குத் தேவை மோடு 4, அதாவது எல்ஏசிபி, இரு முனையும் பேசிக்கொண்டு போர்ட்டுகளைக் குழுவாக்கும் முறை. 2000-இல் 802.3ஏடி என்று வந்தது, 2008-இல் 802.1ஏஎக்ஸ் ஆக மாறியது, லினக்ஸில் இன்னும் பழைய பெயர்தான். இதற்கு உங்கள் ஸ்விட்ச் மேனேஜ்டு ஸ்விட்சாக (அமைப்புகளை மாற்ற முடிகிற வகை) இருந்து எல்ஏசிபி தெரிந்திருக்க வேண்டும். போர்ட்டுகள் இரண்டு ஸ்விட்சில் பிரிந்திருந்தால் அந்த இரண்டும் ஸ்டாக் ஆகியோ, எம்லாக் வசதியோடோ (இரண்டும் ஒரே ஸ்விட்ச் போல நடந்துகொள்ளும் ஏற்பாடுகள்) இருந்தால்தான் ஆகும்.

எதிர்பார்ப்பையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். நான்கு போர்ட்டைக் கட்டினாலும் ஒரு டிசிபி இணைப்பு ஒரு போர்ட்டில் மட்டுமே போகும், ஒரு மாணவருக்கு 4 கிகாபிட் கிடைக்காது. பல நூறு மாணவர்கள் சேர்ந்து வரும்போது கூட்டம் நான்காகப் பிரியும். உங்கள் வேலைக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான்.

எம்ஐஐமான் 100 என்று கட்டாயம் கொடுங்கள். போர்ட் விழுந்ததா என்று 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வது அது, 0 என்று இருந்தால் பார்க்கவே பார்க்காது.

சுடுகாப்பி:

பாண்டு கட்டுவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள், சர்வரின் உள்ளே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈனோ1-இல் 117 எம்பி என்றால் கம்பி நிரம்பிவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. 1500 எம்டியூவில் (ஒரு பேக்கெட்டின் உச்ச பைட் அளவு) 1 கிகாபிட்டில் டிசிபி தரவு 118 எம்பிக்கு மேல் போக முடியாது. ஆனால் கம்பியை நான்காக்கியதும் அடுத்த முட்டல் சிபியுவில் வருவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

'எம்பிஸ்டாட் -பி ஆல் 1' ஓட்டி சாஃப்ட் என்ற பத்தியைப் பாருங்கள். ஒரே ஒரு கோர் மட்டும் 90, 100 என்று நிற்க மற்றவை சும்மா இருந்தால் எல்லா இன்டரப்ட்டும் (கார்டு சிபியுவைக் கூப்பிடும் அழைப்பு) அந்தக் கோரிலேயே விழுகிறது என்று அர்த்தம். ப்ராக் கீழே இன்டரப்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு போர்ட்டின் க்யூவும் எந்தக் கோரில் எண்ணிக்கை கூட்டுகிறது என்று தெரியும். ஐ350-இல் ஒரு போர்ட்டுக்கு 8 க்யூ வரை உண்டு, ஈத்டூல் சின்ன எல் போட்டால் இப்போது எத்தனை என்று காட்டும், பெரிய எல் போட்டு மாற்றலாம். இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பகிரும் ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு சாக்கெட் சர்வராக இருந்தால் கார்டு எந்த நூமா நோடில் (எந்த சிபியுவின் பக்கத்தில்) இருக்கிறது என்பதும் முக்கியம், எதிர்ப்பக்க சிபியு அந்தக் கார்டை வேலை வாங்கினால் ஒவ்வொரு பேக்கெட்டும் நடுப்பாலத்தைக் கடந்து போகும்.

ரிங் பஃபரையும் (கார்டில் பேக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) பார்த்துவிடுங்கள். இந்த டிரைவரில் டிஃபால்ட் 256, 4096 வரை ஏற்றலாம். ஈத்டூல் பெரிய எஸ் போட்டு, 'ஆர்எக்ஸ்_நோ_பஃபர்_கவுன்ட்', 'ஆர்எக்ஸ்_மிஸ்டு_எரர்ஸ்' என்ற இரண்டு எண்ணும் கூட்ட நேரத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மட்டும் 1024-க்கு உயர்த்துங்கள், ஏறாவிட்டால் தொடாதீர்கள். மாற்றும்போது போர்ட் ஒரு கணம் விழுந்து எழலாம், வகுப்பு நேரத்தில் செய்ய வேண்டாம்.

சாஃப்ட்நெட்_ஸ்டாட் என்று ப்ராக் நெட்டில் ஒரு கோப்பு, ஒவ்வொரு வரியும் ஒரு கோர், எண்கள் ஹெக்ஸில். இரண்டாவது பத்தி ஏறினால் பேக்கெட் கீழே விழுகிறது. மூன்றாவது பத்தி ஏறினால் கொடுத்த நேரத்துக்குள் கெர்னலால் வரிசையைக் காலி செய்ய முடியவில்லை, அப்போதுதான் நெட்டெவ்_பட்ஜெட்டை 300-இலிருந்து கூட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சிஸ்கண்ட்ரோல் பட்டியலை அப்படியே ஒட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், எந்த எண் ஏறுகிறதோ அதற்கான குமிழை மட்டும் திருகுங்கள்.

கல்லணை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆர்ப்பிங் ஓட்டிப் பார்த்தேன், வடக்குவாசல் சொன்ன மாதிரியே ஒரே ஐபிக்கு நான்கு மேக்கும் பதில் சொல்கின்றன. கேட்வேயில் நான்கு ஐபிக்கும் ஈனோ1-இன் மேக்.

சிபியுவில் பிரச்சினை இல்லை, சாஃப்ட் எந்தக் கோரிலும் 15-ஐத் தாண்டவில்லை, பஃபர் எண்களும் அசையவில்லை. ஸ்விட்ச் மேனேஜ்டுதான், எல்ஏசிபி உண்டு, நான்கும் ஒரே ஸ்விட்சில்.

சனிக்கிழமை மாலை நான்கையும் மோடு 4-இல் கட்டினேன். பாண்டு எழுந்தது, பிங் போகிறது, ஆனால் டிராஃபிக் இன்னும் ஒரே போர்ட்டில்! பாண்டிங் கோப்பில் ஈனோ1-க்கு அக்ரிகேட்டர் ஐடி 1, ஈனோ2-க்கு 2, ஈனோ3-க்கு 3, ஈனோ4-க்கு 4 என்று இருக்கிறது. பார்ட்னர் மேக் அட்ரஸ் என்ற இடத்தில் எல்லாம் பூஜ்யம். இது சரியா?

முத்துச்சிப்பி:

சரியில்லை. பார்ட்னர் மேக் பூஜ்யமாக இருந்தால் எதிரே யாருமே எல்ஏசிபி பேசவில்லை. நான்கும் ஒரே குழுவாகச் சேர்ந்திருந்தால் அக்ரிகேட்டர் ஐடி நான்குக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்விட்சில் அந்த நான்கு போர்ட்டையும் ஒரே குழுவில் போட்டிருக்கிறீர்களா, போட்டிருந்தால் வகை ஸ்டாடிக் என்று இருக்கிறதா எல்ஏசிபி என்று இருக்கிறதா பாருங்கள். பல ஸ்விட்சுகளின் வலைப்பக்கத்தில் குழு உருவாக்கினால் தானாக ஸ்டாடிக்கில்தான் நிற்கும், எல்ஏசிபியைத் தனியாக மாற்றிச் சேமிக்க வேண்டும்.

அப்படியே எல்ஏசிபி ரேட்டை ஃபாஸ்ட் ஆக்கிவிடுங்கள். ஸ்லோ என்றால் 30 நொடிக்கு ஒருமுறைதான் பேசிக்கொள்வார்கள், எதிர்முனை ஊமையானதைக் கண்டுபிடிக்க 90 நொடி ஆகும். ஃபாஸ்ட்டில் 1 நொடிக்கு ஒருமுறை, 3 நொடியில் தெரிந்துவிடும். கேபிளே அறுந்தால் எம்ஐஐமான் உடனே பிடித்துவிடும், இது விளக்கு எரிந்துகொண்டே டிராஃபிக் மட்டும் நிற்கிற வகைக் கோளாறுக்கு.

கல்லணை:

நீங்கள் சொன்னதேதான், ஸ்டாடிக்கில் இருந்தது. மாற்றியதும் நான்குக்கும் அக்ரிகேட்டர் ஐடி ஒன்று, பார்ட்னர் மேக்கும் வந்துவிட்டது. ஆனால் இன்று காலை வகுப்பில் பார்த்தால் மாணவர்களுக்குப் போகும் அத்தனையும் ஈனோ2-இல், நாஸிலிருந்து வரும் அத்தனையும் ஈனோ4-இல். ஈனோ1 போய் ஈனோ2 வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

ஈரோட்டுப்பாலம்:

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் 'பாண்டிங் வேஸ்ட்' என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எல்ஏசிபி செய்வது குழு சேர்ப்பது மட்டும். ஒரு பேக்கெட் எந்தக் கம்பியில் போக வேண்டும் என்பதை அதை அனுப்புகிற முனைதான் தீர்மானிக்கிறது, வாங்குகிற முனைக்கு அதில் எந்தச் சொல்லும் இல்லை. சர்வரிலிருந்து ஸ்விட்சுக்குப் போவதை சர்வர் தீர்மானிக்கிறது. ஸ்விட்சிலிருந்து சர்வருக்கு வருவதை ஸ்விட்ச் தீர்மானிக்கிறது. நாஸிலும் பாண்டு இருந்தால் அங்கிருந்து ஸ்விட்ச் வரை நாஸ் தீர்மானிக்கிறது. அதனால் மூன்று இடத்திலும் தனித்தனியாக ஹாஷ் (முகவரிகளை வைத்துக் கம்பியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு) சரியாக இருக்க வேண்டும்.

முதலில் சர்வர். எக்ஸ்மிட்_ஹாஷ்_பாலிசி நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் லேயர்2, அதாவது மேக் முகவரியை வைத்துக் கணக்கு. மாணவர்கள் எல்லோரும் வேறு சப்நெட்டில் இருக்கிறார்கள். சர்வர் பார்வையில் அத்தனை பேருக்கும் மேக் ஒன்றுதான், கேட்வேயின் மேக். ஒரே மேக் என்றால் ஹாஷும் ஒன்றே, கம்பியும் ஒன்றே. உங்கள் ஈனோ2 கதை இதுதான். லேயர்2+3 போட்டால் மாணவர் ஐபியும் கணக்கில் வரும், அதுவே கூட்டத்தைப் பிரித்துவிடும். லேயர்3+4 போட்டால் போர்ட் எண்ணும் சேரும், ஒரே மாணவரின் பல இணைப்புகளும் பிரியும். இது 802.3ஏடி விதியோடு முழுக்கப் பொருந்தாது என்று கெர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், துண்டான பேக்கெட்டுகளில் போர்ட் எண் இருக்காது என்பதால் வரிசை மாற வாய்ப்பு. டிசிபி அநேகமாகத் துண்டாவதில்லை, அதனால் உங்கள் இடத்தில் லேயர்3+4 தாராளமாகப் போடலாம்.

அடுத்து ஸ்விட்ச். நாஸிலிருந்து வருவது எல்லாம் ஈனோ4-இல் விழுகிறது என்றீர்கள். ஸ்விட்சின் ஹாஷ் சோர்ஸ் மேக் என்றோ, சோர்ஸ்-டெஸ்டினேஷன் மேக் என்றோ இருக்கும். ஐபியும் போர்ட்டும் சேர்ந்த வகை அதில் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். சில ஸ்விட்சுகளில் இது மொத்தப் பெட்டிக்கும் ஒரே அமைப்பு, மற்ற குழுக்களையும் பாதிக்கும், அதை மனதில் வைத்துச் செய்யுங்கள்.

ஆனால் அதைச் செய்தாலும் நாஸ் பிரியாது! ஏனென்றால் என்எஃப்எஸ் மவுண்ட் ஒன்றுக்கு டிசிபி இணைப்பு ஒன்றுதான்: ஐபி சோடி ஒன்று, போர்ட் சோடியும் ஒன்று. எந்த ஹாஷ் போட்டாலும் ஒரே கம்பி. இதற்குத்தான் 2019-இல் வந்த 5.3 கெர்னலில் என்கனெக்ட் என்று ஒரு மவுண்ட் ஆப்ஷன் சேர்த்தார்கள். என்கனெக்ட்=4 என்று கொடுத்தால் அதே நாஸுக்கு நான்கு டிசிபி இணைப்புகள் போடும், சோர்ஸ் போர்ட் ஒவ்வொன்றுக்கும் வேறு, அப்போது லேயர்3+4 ஹாஷுக்குப் பிரிக்க ஏதாவது கிடைக்கும். 16 வரை போடலாம், 4 போதும். வெறும் ரீமவுண்ட் பத்தாது, முழுதாக அவிழ்த்துத் திரும்ப மவுண்ட் செய்யுங்கள், அப்புறம் 'எஸ்எஸ் -டிஎன்' ஓட்டி 2049 போர்ட்டுக்கு நான்கு வரி வருகிறதா பாருங்கள். நான்கு இணைப்பும் நான்கு கம்பியில் கச்சிதமாக விழும் என்று உத்தரவாதம் இல்லை, ஹாஷ் இரண்டை ஒரே கம்பியில் போடலாம். அப்படி விழுந்தால் இணைப்பைக் கூட்டிப் பாருங்கள்.

தேன்கூடு:

நல்ல இழை. நாஸுக்கு ஈனோ3, ஈனோ4 இரண்டையும் தனியாகக் கொடுத்து ஜம்போ ஃபிரேம் (பெரிய பேக்கெட்), அதாவது எம்டியூ 9000 போட்டுவிட்டால் இத்தனை தலைவலி இல்லையே? ஸ்டோரேஜ் தனி, மாணவர் தனி என்று வைப்பதுதானே முறை?

ஈரோட்டுப்பாலம்:

ஐஸ்கஸியாக (ஸ்டோரேஜை நேரடி டிஸ்க் போலக் கொடுக்கும் முறை) இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன், அங்கே பாண்டே வேண்டாம், இரண்டு தனிப் பாதையும் மல்டிபாத்தும்தான் சரி. இங்கே என்எஃப்எஸ். அதோடு கல்லணையின் டிராஃபிக் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். பகலில் நாஸிலிருந்து வருவது சர்வருக்கு உள்ளே, மாணவர்களுக்குப் போவது வெளியே. கிகாபிட் கம்பியில் இரண்டு திசைக்கும் தனித்தனி 1 கிகாபிட் இருக்கிறது, ஒன்றோடு ஒன்று மோதவில்லை. பேக்கப் வெளியே போகும் நேரத்தில் மாணவர்கள் தூங்குகிறார்கள். இரண்டு இரண்டாகப் பிரித்தால் பகலில் வெளியே போக 2 கிகாபிட்தான், ஸ்டோரேஜ் பக்கத்தின் வெளித்திசை சும்மா கிடக்கும். நான்கையும் ஒரே பாண்டாக வைத்து, மேலே இரண்டு விலான், ஒன்று மாணவர்களுக்கு, ஒன்று நாஸுக்கு என்று வைத்தால் பிரிவும் இருக்கிறது, நான்கு கம்பியும் வேலை செய்கிறது.

ஜம்போ விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. 9000 போட்டால் 1 கிகாபிட்டில் 118 எம்பி 124 எம்பி ஆகும், கூடுதல் அவ்வளவுதான். பேக்கெட் எண்ணிக்கை ஆறில் ஒன்றாகக் குறையும் என்பது உண்மை, ஆனால் அந்தச் சுமையை டிஎஸ்ஓவும் ஜிஆர்ஓவும் (பேக்கெட்டுகளைக் கட்டாகச் சேர்த்துக் கையாளும் வசதிகள்) ஏற்கெனவே குறைத்துவிடுகின்றன, அவர் சிபியுவும் சும்மாதான் இருக்கிறது. பதிலுக்கு நீங்கள் ஏற்பது என்ன? சர்வர், ஸ்விட்ச், நாஸ் மூன்றிலும் அளவு பொருந்தியிருக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் பிங் போகும், மவுண்ட் ஆகும், சின்னக் கோப்பு திறக்கும், பெரிய கோப்பில் மட்டும் தொங்கி நிற்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் '-எம் டூ -எஸ் 8972' என்று பிங் செய்து, துண்டாகாமல் போகிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சுடுகாப்பி:

ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அடுத்த ஆண்டு செலவுக்குப் பணம் கேட்கும் வாய்ப்பு வந்தால் 10 கிகாபிட் கார்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள், நாஸிலும் ஒன்று. ஹாஷ், என்கனெக்ட் என்று யோசிக்கவே வேண்டாம், ஒரு இணைப்பே 1 கிகாபிட்டைத் தாண்டிப் போகும். ஒரே ராக்கில் இருப்பதால் டிஏசி கேபிள் (இரு முனையிலும் பிளக் சேர்ந்த செம்புக் கேபிள்) போதும், ஆப்டிக்கல் மாட்யூல் வாங்கத் தேவையில்லை. ஸ்விட்சில் எஸ்எஃப்பி+ போர்ட் (10 கிகாபிட் செருகுமிடம்) இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டை எந்த ஸ்லாட்டில் செருகுகிறீர்கள் என்பதும் முக்கியம், பார்க்க எட்டு லேன் அளவு நீளமாக இருந்து உள்ளே நாலு லேன் மட்டும் இழுத்திருக்கும் ஸ்லாட்டுகள் உண்டு, எல்எஸ்பிசிஐ விரிவாக ஓட்டினால் லிங்க் ஸ்டேட்டஸ் வரியில் உண்மையான அகலம் தெரியும்.

தேன்கூடு:

சரி, புரிகிறது. தொடர்புள்ள இன்னொரு கேள்வி, என் சர்வரில் இரண்டு நெட் கனெக்‌ஷன், இரண்டு கார்டு, இரண்டு வேறு வேறு சப்நெட். இரண்டாவது ஐபிக்கு வெளியிலிருந்து வந்தால் டிசிபிடம்ப்பில் (பேக்கெட்டுகளைக் காட்டும் கருவி) பேக்கெட் உள்ளே வருவது தெரிகிறது, ஆனால் பதிலே போகவில்லை. ஃபயர்வாலை நிறுத்தியும் பார்த்தேன்.

வடக்குவாசல்:

அது ஆர்பி_ஃபில்டர், வந்த வழி சரியா என்று பார்க்கும் கெர்னல் சோதனை. வந்த ஆளுக்குப் பதில் அனுப்ப வேண்டுமானால் எந்தக் கார்டில் போவேன் என்று கெர்னல் தன் டேபிளைப் பார்க்கும், அது முதல் கார்டைக் காட்டும், பேக்கெட் வந்ததோ இரண்டாவதில், அதனால் 'இது போலி' என்று சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். டிசிபிடம்ப் அதற்கு முன்னாலேயே படித்துவிடுவதால் உங்களுக்கு வந்த மாதிரி தெரிகிறது. 'என்ஸ்டாட் -ஏஇஸட்' ஓட்டி ஐபிரிவர்ஸ்பாத்ஃபில்டர் என்ற எண் ஏறுகிறதா பாருங்கள்.

ஃபில்டரை 2 ஆக்கினால் பேக்கெட் உள்ளே போகும். 'ஆல்' என்பதில் உள்ள மதிப்பும் கார்டின் மதிப்பும் இரண்டில் எது பெரிதோ அதுதான் செல்லும், அதனால் கார்டில் மட்டும் 0 போட்டுவிட்டு 'ஆல்' 1-இல் கிடந்தால் ஒன்றும் மாறாது. ஆனால் ஃபில்டரைத் தளர்த்துவது பாதி வேலை, பதில் இன்னும் முதல் கனெக்‌ஷன் வழியாகத்தான் வெளியேறும், அங்கே உங்கள் இரண்டாவது ஐபியை சோர்ஸாகப் பார்த்ததும் அவர்கள் கீழே போட்டுவிட வாய்ப்பு அதிகம். இரண்டாவது ஐபிக்கென்று தனி ரவுட்டிங் டேபிள் வேண்டும். உதாரணத்துக்கு உங்கள் இரண்டாவது ஐபி 198.51.100.10, கேட்வே 198.51.100.1, கார்டு ஈனோ2 என்றால்:

ஐபி ரூட் ஆட் 198.51.100.0/24 டெவ் ஈனோ2 டேபிள் 100
ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வியா 198.51.100.1 டெவ் ஈனோ2 டேபிள் 100
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 198.51.100.10 டேபிள் 100

முதல் வரியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பக்கத்து மெஷினுக்குப் போக வேண்டியதுகூட கேட்வேக்குப் போய்ச் சுற்றிவரும், ஏனென்றால் மெயின் டேபிளுக்கு முன்னாலேயே இந்த டேபிள் பார்க்கப்படுகிறது. வேலை செய்கிறது என்று உறுதியானதும் நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) ரூட்ஸ், ரவுட்டிங்-பாலிசி இரண்டிலும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் காணாமல் போகும். மெயின் டேபிளில் டிஃபால்ட் கேட்வே ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கல்லணை:

நண்பர்களே, ஈரோட்டுப்பாலம் சொன்ன அமைப்பையே செய்துவிட்டேன். நான்கு போர்ட்டும் ஒரே பாண்டு, லேயர்3+4, மேலே மாணவர் விலானும் நாஸ் விலானும். ஸ்விட்சில் ஹாஷ் சோர்ஸ்-டெஸ்டினேஷன் ஐபியும் போர்ட்டும் என்று மாற்றினேன். எம்டியூ 1500-லேயே விட்டுவிட்டேன். பழைய 12, 13, 14 ஐபிகளைப் பாண்டிலேயே கூடுதல் முகவரிகளாக வைத்திருக்கிறேன், ஆய்வகங்களில் சிலர் ஐபியையே புக்மார்க் செய்திருக்கிறார்கள்.

நாஸில் ஒரு சிக்கல் வந்தது, உங்களுக்கும் பயன்படலாம். என்கனெக்ட் போட்டும் டிராஃபிக் மாணவர் விலானிலேயே போய்க்கொண்டிருந்தது. பார்த்தால் எஃப்எஸ்டேப்பில் (மவுண்ட் பட்டியல் கோப்பு) நாஸின் பெயர் எழுதியிருக்கிறது, டிஎன்எஸ் அந்தப் பெயருக்கு நாஸின் பழைய ஐபியைக் கொடுக்கிறது. நாஸ் விலானின் ஐபியை நேரடியாக எழுதியதும் சரியாகிவிட்டது. அந்த விலானில் கேட்வே எதுவும் கொடுக்கவில்லை.

காலை 10 மணி வகுப்பில் வெளியே போனது மொத்தம் 240 எம்பி, நான்கு போர்ட்டிலும் 71, 64, 58, 47 என்று விழுந்தது. ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்த வீடியோ நிற்கவில்லை. தொலைவிலிருந்தே மாற்றம் செய்யும்போது 'நெட்பிளான் ட்ரை' போதுமா, யாராவது சொல்லுங்கள். மாலையில் நான் வீட்டிலிருந்துதான் பார்ப்பேன்.

முத்துச்சிப்பி:

ஐபி, ரூட் மாற்றத்துக்குப் போதும், 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடும். பாண்டின் பாராமீட்டர் மாற்றங்களுக்கு அதை நம்ப முடியாது, அவற்றைத் திருப்ப முடியாது என்று அதுவே எச்சரிக்கும். பாண்டைத் தொடும் நாளில் பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் தனிச் சிப்) கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடுங்கள். அந்த பிஎம்சி தன் சொந்த போர்ட்டில் இருக்கிறதா, ஈனோ1-ஐப் பகிர்ந்துகொள்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள், பகிர்கிற அமைப்பில் இருந்தால் பாண்டு விழும்போது கன்சோலும் கூடவே விழக்கூடும்.